கால் மரத்துப் போகிறதா? காரணம் குடலில் இருக்கலாம்!

கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்களின் நரம்பையும் தசையையும் தாக்கும் "சீலியாக்" வியாதி

பெங்களூர் ஹொசூர் ரோட்டில் உள்ள நிம்ஹான்ஸ் ஆஸ்பத்திரியில் பொழுது விடியும் முன்பே கூட்டம் சேர்ந்துவிடும். கிருஷ்ணகிரி, தர்மபுரி, சேலம் பக்கத்திலிருந்து பஸ் ஏறி வருகிறவர்களும் உண்டு. ஸ்ரீராமபுரம், அல்சூர், சிவாஜிநகர் என்று ஊருக்குள்ளேயே இருக்கும் நம்மவர்களும் உண்டு. பழைய மனநல ஆஸ்பத்திரியையும் அகில இந்திய மனநல நிலையத்தையும் ஒன்றாக இணைத்து, 1974-ம் ஆண்டு டிசம்பர் 27-ந்தேதி உருவான நிலையம் அது. மூளை, முதுகுத்தண்டு, நரம்பு என்று எந்தக் கோளாறானாலும் தென்னாட்டு மக்கள் முதலில் நினைப்பது இந்த ஆஸ்பத்திரியைத்தான்.

கால் மரத்துப் போகிறது, நடந்தால் தள்ளாடுகிறது என்று நரம்பு டாக்டரிடம் போகிறவரிடம், "வயிறு எப்படி இருக்கிறது? பேதி உண்டா? உடம்பு இளைத்திருக்கிறதா? என்ன சாப்பிடுகிறீர்கள்?" என்று டாக்டர் கேட்டால் நோயாளிக்கு எரிச்சல் வரும். "காலைக் காட்ட வந்தால் வயிற்றைப் பற்றிக் கேட்கிறாரே!" என்று வெளியே வந்து முணுமுணுப்பார்.

ஆனால் அந்தக் கேள்வி அர்த்தமற்ற கேள்வி அல்ல. குடலில் தொடங்கி நரம்பில் போய் முடியும் வியாதிகள் சில இருக்கின்றன. அவற்றில் ஒன்றுதான் சீலியாக். கோதுமையில் உள்ள ஒரு சத்து சிலருடைய உடம்புக்கு ஒத்துக்கொள்வதில்லை. அதனால் வருகிற வியாதி இது.

பரோட்டா மாஸ்டரின் ரகசியம்

அந்தச் சத்தின் பெயர் குளூட்டன். அதைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் சோதனைச் சாலைக்குப் போக வேண்டியதில்லை. ஒரு கைப்பிடி மைதாவைப் பிசைந்து உருண்டையாக்கிக் குழாய்த் தண்ணீரில் காட்டிக் கசக்கிக்கொண்டே இருங்கள். வெள்ளையாக மாவு கரைந்து ஓடிவிடும். கடைசியில் கையில் ரப்பர் போல இழுபடும் பசை ஒன்று மிஞ்சும். அதுதான் குளூட்டன். பரோட்டா மாஸ்டர் மாவைக் கிழியாமல் வீசி விரிப்பதும், ரொட்டி பொங்கி நிற்பதும் இந்தப் பசையின் தயவால்தான். அரிசி மாவிலோ ராகி மாவிலோ பரோட்டா வீச முடியாது. அவற்றில் இது இல்லை.

குளூட்டன் ஒரு புரதம். மற்றப் புரதங்களைப் போல அது குடலில் முழுவதும் ஜீரணமாவதில்லை. கொஞ்சம் துண்டு துண்டாகத் தங்கிவிடும். பெரும்பாலோருக்கு இதனால் ஒரு கெடுதலும் இல்லை. ஆனால் பிறவியிலேயே ஒருவகைப் பாரம்பரிய அமைப்பு உள்ள சிலருக்கு, அந்தத் துண்டுகளை உடம்பு எதிரி என்று நினைத்துவிடுகிறது. கிருமியை எதிர்க்க வேண்டிய ரத்தத்தின் காவல் படை, சொந்தக் குடலையே தாக்க ஆரம்பிக்கிறது.

சிறுகுடலின் உட்சுவரில் பூந்துவாலையின் நூல்களைப் போல் லட்சக் கணக்கான நுண்ணிய உறிஞ்சிகள் உண்டு. உணவின் சத்தை ரத்தத்துக்குள் இழுத்துக்கொள்பவை அவைதான். சீலியாக் வியாதியில் இந்த உறிஞ்சிகள் தேய்ந்து, சுவர் மொட்டையாகிவிடுகிறது. பிறகு என்ன சாப்பிட்டாலும் உடம்பில் ஒட்டாது. இரும்புச் சத்து இறங்காது, சுண்ணாம்புச் சத்து இறங்காது, வைட்டமின்கள் இறங்காது. ரத்த சோகை, ஓயாத பேதி, வயிறு உப்புசம், குழந்தையாக இருந்தால் வளர்ச்சி இல்லாமை - இவையெல்லாம் வெளியே தெரியும் அடையாளங்கள்.

ஹாலந்துப் பஞ்சம் காட்டிய வழி

இந்த வியாதிக்குக் கோதுமைதான் காரணம் என்று கண்டுபிடித்த கதை விசித்திரமானது.

1888-ல் லண்டன் டாக்டர் சாமுவேல் ஜீ இந்த வியாதியைத் தெளிவாக எழுதி வைத்தார். குணமாவதென்றால் சாப்பாட்டை மாற்றித்தான் ஆக வேண்டும் என்றும் சொன்னார். எந்தச் சாப்பாட்டை மாற்றுவது என்பதுதான் அவருக்குத் தெரியவில்லை. அதற்குப் பிறகு அரை நூற்றாண்டுக்கு மேல் டாக்டர்கள் ஆளுக்கொரு பத்தியம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். வெறும் வாழைப்பழமாகவே கொடுத்தவர்களும் உண்டு.

ஹாலந்தில் ஹேக் நகரத்தில் வில்லெம் டிக்கே என்ற குழந்தை டாக்டர் இருந்தார். கோதுமை ரொட்டி மேல் அவருக்கு யுத்தத்துக்கு முன்பே ஒரு சந்தேகம். இரண்டாவது உலக யுத்தத்தின் கடைசிக் குளிர் காலத்தில், 1944-45-ல், ஜெர்மானியர் பிடியில் இருந்த ஹாலந்தில் கொடிய பஞ்சம் வந்தது. ரொட்டி கிடைக்கவில்லை. ஜனங்கள் துலிப் பூச்செடியின் கிழங்கைக்கூட வேகவைத்துத் தின்றார்கள். ஊரே மெலிந்தபோது, சீலியாக் வியாதிக் குழந்தைகள் மட்டும் தேறினார்கள்! யுத்தம் முடிந்து மறுபடி ரொட்டி வந்ததும் அந்தக் குழந்தைகள் திரும்பப் படுத்துவிட்டார்கள். டிக்கே அதோடு விடவில்லை. ஒவ்வொரு தானியமாகக் கொடுத்தும் நிறுத்தியும் பார்த்து, 1950-ல் தமது ஆராய்ச்சி நூலில் கோதுமைதான் குற்றவாளி என்று நிரூபித்தார்.

அதே யுத்த காலத்தில் பெங்களூரில் நடந்தது இதற்கு நேர்மாறு. அரிசித் தட்டுப்பாட்டைச் சமாளிக்க எம்.டி.ஆர். ஓட்டலில் கோதுமை ரவையில் இட்லி செய்தார்கள் என்றும், அப்படிப் பிறந்ததுதான் ரவா இட்லி என்றும் சொல்வார்கள். அங்கே கோதுமை போனது. இங்கே கோதுமை வந்தது!

நரம்புக்கு எப்படிப் போகிறது?

வெகு காலம் சீலியாக் என்றால் குழந்தைகளின் வயிற்று வியாதி என்றே டாக்டர்கள் நினைத்திருந்தார்கள். 1966-ல் இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் நகர டாக்டர் குக்கும் அவருடைய சகாவும், சீலியாக் உள்ள பெரியவர்களில் 16 பேரைப் பற்றி எழுதினார்கள். எல்லோருக்கும் நரம்புக் கோளாறு. நடை தள்ளாடியது, பலருக்குக் கை கால் நரம்புகள் கெட்டிருந்தன. அன்று முதல்தான் நரம்பு டாக்டர்கள் இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள்.

1996-ல் ஷெஃபீல்ட் நகரத்து டாக்டர் மாரியோஸ் ஹட்ஜிவாசிலியூ இன்னொரு கோணத்தில் பார்த்தார். காரணமே தெரியாமல் நரம்பு வியாதியால் அவதிப்பட்ட 53 பேரின் ரத்தத்தைச் சோதித்தார். 57 சதவீதம் பேரின் ரத்தத்தில் கோதுமைப் புரதத்துக்கு எதிரான பொருள் இருந்தது. ரத்ததானம் செய்ய வந்த ஆரோக்கியமானவர்களில் 12 சதவீதம் பேரிடமே அது இருந்தது. (ஆரோக்கியமானவர்களிடமும் 12 சதவீதம் இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரே ஒரு ரத்தச் சோதனையை வைத்து முடிவு கட்டக்கூடாது என்பதற்கு இதுவே அத்தாட்சி.)

நரம்பு கெடுவதற்கு இரண்டு வழிகள் உண்டு.

முதல் வழி, சத்துக் குறைவு. பி-12 வைட்டமினும் தாமிரச் சத்தும் குறைந்தால் முதுகுத்தண்டில் உள்ள நரம்புக் கற்றைகள் பழுதாகும். அப்படிப்பட்டவருக்குத் தம் கால் எங்கே இருக்கிறது என்று கண்ணால் பார்த்தால்தான் தெரியும். காலையில் முகத்தில் சோப்புப் போட்டுக் கண்ணை மூடியதும் தள்ளாடுவார். வெளிச்சத்தில் ஒழுங்காக நடப்பவர், இரவில் விளக்கை அணைத்ததும் சுவரைப் பிடிப்பார். "ஈ" வைட்டமின் குறைந்தாலும் தள்ளாட்டம் வரும்.

இரண்டாவது வழி, நேரடித் தாக்குதல். குடலைத் தாக்கிய காவல் படை, அதே ஜாடையில் இருக்கும் வேறு பொருள்களையும் எதிரி என்று தவறாக எண்ணி மூளையிலும் நரம்பிலும் கை வைக்கிறது. பின் மண்டையில் இருக்கும் சிறுமூளைதான் நடையையும் நிதானத்தையும் கவனித்துக்கொள்வது. அது அடிபட்டால் குடிக்காதவரும் குடித்தவர் போல நடப்பார். பேச்சுக் குழறும். டம்ளரைத் தூக்கினால் கை ஆடி காப்பி சிந்தும். தெருவில் போகிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. இந்தத் தள்ளாட்டம் பெரும்பாலும் நடு வயதில், ஐம்பதை ஒட்டி வருகிறது. இதில் மோசம் என்னவென்றால், இவர்களில் பத்தில் ஒருவருக்குக்கூட வயிற்றுத் தொந்தரவு இருப்பதில்லை என்று ஷெஃபீல்ட் டாக்டர்கள் எழுதியிருக்கிறார்கள். வயிறு நன்றாக இருக்கிறது என்பதால் யாருக்கும் குடல் மேல் சந்தேகம் வருவதில்லை.

எல்லாவற்றையும் விட அதிகமாகக் காணப்படுவது பாதம் மரத்துப் போவதும், எரிச்சலும், ஊசி குத்துவது போன்ற உணர்ச்சியும்தான். இரண்டு பாதத்திலும் ஒன்றாகத் தொடங்கி மெல்ல மேலே ஏறும். செருப்புக் கழன்று போனது தெரியாமல் நடப்பவர்கள் உண்டு. சிலருக்கு வலிப்பு வருகிறது. வலிப்போடு, மூளையின் பின்புறத்தில் சுண்ணாம்பு படிந்திருப்பதையும் சேர்த்துப் பார்த்து, இது சீலியாக்கோடு வரும் ஒரு தனி வியாதி என்று 1992-ல் இத்தாலிய டாக்டர்கள் எழுதினார்கள்.

தசையில் வலு இல்லை

தசைக்கு வருவோம். சம்மணம் போட்டுச் சாப்பிட்டவர் கையை ஊன்றாமல் எழுந்திருக்க முடிவதில்லை. ரயில்வே மேம்பாலத்தில் கைப்பிடியைப் பிடித்து இழுத்து இழுத்து ஏறுகிறார். பஸ்ஸின் முதல் படியில் காலைத் தூக்கி வைக்கப் பின்னால் இருப்பவர் தள்ளிவிட வேண்டியிருக்கிறது. வயது ஐம்பது ஆகவில்லை. "வாயு" என்பார்கள், "மூட்டுத் தேய்மானம்" என்பார்கள். உண்மையில் மூட்டு நன்றாக இருக்கும். இடுப்பையும் தொடையையும் சேர்ந்த தசைகள்தான் வலுவிழந்திருக்கும். குடல் "டி" வைட்டமினையும் சுண்ணாம்பையும் இழுக்காததால் எலும்பு மிருதுவாகி, அதோடு தசையும் சோர்ந்துவிடுகிறது. நடை வாத்து நடை போல ஆகும். இடுப்பெலும்பிலும் விலாவிலும் வலி இருக்கும்.

சுண்ணாம்பும் மக்னீசியமும் ரத்தத்தில் மிகக் குறைந்தால் கை விரல்கள் தாமாகவே கூம்பி இறுகிக்கொள்ளும். கடும் பேதியில் பொட்டாசியம் வெளியேறிவிட்டால் ஒரே இரவில் கை கால் நான்கும் விழுந்துவிடக்கூடும். இது அபூர்வம், ஆனால் வந்தால் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் செல்ல வேண்டிய நிலைமை. "மூலிகை எண்ணெய் தேய்த்துப் பார்க்கலாம்" என்று வீட்டில் வைத்திருந்தால் மூச்சுக்கும் இருதயத்துக்கும் ஆபத்து.

நமக்கு வருமா?

"நாமோ அரிசிச் சோறு தின்கிறவர்கள். கோதுமை வியாதி வட நாட்டாருக்குத்தானே?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி.

இந்தியாவில் இந்த வியாதியைப் பற்றிய பேச்சே வடக்கேதான் தொடங்கியது. 1966-ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் டாக்டர் வாலியாவும் மற்றவர்களும் வட இந்தியக் குழந்தைகளைப் பற்றி எழுதினார்கள். தெற்கே அந்தக் காலத்தில் டாக்டர்களுக்குத் தெரிந்த குடல் வியாதி வேறு. வட ஆற்காடு கிராமங்களில் 1960-களில் "ஸ்ப்ரூ" என்ற பேதி வியாதி கொள்ளை நோய் போலப் பரவியது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியின் டாக்டர் செல்வின் பேக்கரும் டாக்டர் வி.ஐ. மாத்தனும் கிராமம் கிராமமாகப் போய் அதை ஆராய்ந்தார்கள். அதிலும் குடல் உறிஞ்சிகள் தேயும். அதிலும் பி-12 குறையும். ஆனால் அதற்கும் கோதுமைக்கும் சம்பந்தம் இல்லை. மருந்து கொடுத்தால் அது தீரும்.

பிறகு, வேலூரில் வெகு காலம் பணியாற்றிய டாக்டர் பி.எஸ். ராமகிருஷ்ணாவும் டில்லி, அஸ்ஸாம் டாக்டர்களும் சேர்ந்து ஒரு பெரிய கணக்கெடுப்பு நடத்தினார்கள். வடக்கு, வடகிழக்கு, தெற்கு என்று மூன்று பகுதிகளில் 23 ஆயிரத்துக்கும் அதிகமான பெரியவர்களின் ரத்தத்தைச் சோதித்தார்கள். 2016-ல் முடிவு வெளியாயிற்று. வடக்கே ஆயிரம் பேரில் 8 அல்லது 9 பேருக்கு சீலியாக். வடகிழக்கே ஆயிரத்தில் 4 அல்லது 5 பேர். தெற்கே பத்தாயிரம் பேருக்கு ஒருவர் என்ற அளவுதான்.

இதோடு நிறுத்தியிருந்தால் நாம் நிம்மதியாகத் தூங்கலாம். ஆனால் அவர்கள் பாரம்பரிய அமைப்பையும் சோதித்தார்கள். சீலியாக் வருவதற்குத் தேவையான அந்தப் பிறவி அமைப்பு, வடக்கே 38 சதவீதம் பேரிடம் இருந்தது. தெற்கே? 36 சதவீதம்! அதாவது விதை இரண்டு இடத்திலும் ஏறக்குறைய சமமாகவே கிடக்கிறது. வித்தியாசம் சாப்பாட்டில் இருந்தது. வடக்கே ஒருவர் ஒரு நாளைக்குச் சாப்பிட்ட கோதுமை சராசரி 455 கிராம். தெற்கே 25 கிராம். கோதுமை மட்டும்தான் காரணம் என்று அடித்துச் சொல்லிவிட முடியாது. பிறவி அமைப்பு உள்ளவர்களில் மிகச் சிலருக்குத்தான் வியாதி வருகிறது. ஏன் என்பது இன்னும் ஆராய்ச்சியில் இருக்கிறது.

பெங்களூர்த் தமிழரின் தட்டைக் கொஞ்சம் பாருங்கள். காலையில் தர்ஷினியில் நின்றபடியே சௌ சௌ பாத் - அதாவது ரவை உப்புமாவும் ரவை கேசரியும். பதினோரு மணிக்கு டீயும் பன்னும். மாலையில் பிஸ்கட், கோபி மஞ்சூரி. ராத்திரி சப்பாத்தி, இல்லாவிட்டால் முனைக் கடையில் பரோட்டா. சர்க்கரை வியாதி என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து "ராத்திரி சோறு வேண்டாம், சப்பாத்திதான்" என்று வீட்டில் சட்டம் போட்டவர்கள் எத்தனை பேர்! ஊரில் தாத்தா ராகிக் களியும் சோளச் சோறும் தின்றார். பேரன் தின்பது வேறு. இந்த ஒரு தலைமுறை மாற்றத்தின் விளைவைப் பத்து, இருபது வருஷங்கள் கழித்துத்தான் கணக்கெடுக்க முடியும்.

அதற்காகக் கால் மரத்த ஒவ்வொருவரும் "எனக்கு சீலியாக்" என்று கிளம்பிவிடக் கூடாது. நம்மவர்களில் பாதம் மரத்துப்போவதற்கு முதல் காரணம் சர்க்கரை வியாதி. அடுத்து பி-12 குறைவு, சாராயம், தைராய்டு, இடுப்பு வட்டெலும்புப் பிசகு. இவற்றையெல்லாம் பார்த்தும் காரணம் பிடிபடவில்லை என்றால் அப்போது குடலைச் சந்தேகிக்க வேண்டும். இரும்பு மாத்திரை தின்றும் தீராத ரத்த சோகை இருந்தாலோ, வைட்டமின் ஊசி போட்டதும் ஏறி மறுபடி இறங்கிவிட்டாலோ, சிறு வயதிலேயே இன்சுலின் போடும் சர்க்கரை வியாதி இருந்தாலோ சந்தேகம் கூடுதலாகும். தெற்கே அபூர்வம் என்பதாலேயே டாக்டருக்கும் இது சட்டென்று நினைவுக்கு வருவதில்லை. "இதையும் ஒரு முறை பார்த்துவிடலாமா?" என்று பணிவாகக் கேட்பதில் தப்பில்லை.

சுவரில் "நரம்புத் தளர்ச்சியா?" என்று விளம்பரம் எழுதி லாட்ஜில் ரூம் போட்டு உட்காரும் வைத்தியர்களிடம் பணத்தைக் கொட்டுவதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். இங்கே ஒன்று மட்டும். மருந்துக் கடையில் தாமாகவே போலிக் ஆசிட் மாத்திரை வாங்கித் தின்கிறவர்கள் உண்டு. பி-12 குறைவு இருக்கும்போது போலிக் ஆசிட்டை மட்டும் தின்றால் ரத்தம் ஊறியது போலத் தெரியும். உள்ளே நரம்பு கெட்டுக்கொண்டே போகும்.

நிறுத்துவதற்கு முன் சோதனை

மிக முக்கியமான விஷயம் இதுதான். இப்போது பெங்களூர்க் கடைகளில் "குளூட்டன் இல்லாதது" என்று அச்சடித்த பொட்டலங்கள் வரிசையாக இருக்கின்றன. படித்தவர்கள் நடுவில் அது ஒரு நாகரிகமாகவே ஆகிவிட்டது. யாரோ சொன்னார்கள் என்று கோதுமையை நிறுத்திவிட்டு, நாலு மாதம் கழித்து டாக்டரிடம் வந்து "சோதனை செய்யுங்கள்" என்கிறார்கள். இது தலைகீழ்.

சீலியாக் இருக்கிறதா என்று கண்டுபிடிப்பது ரத்தத்தில் உள்ள எதிர்ப்பொருளை வைத்து. கோதுமையை நிறுத்தினால் எதிர்ப்பொருள் மெல்ல மறைந்துவிடும். குடலும் தேற ஆரம்பிக்கும். அப்போது சோதித்தால் "ஒன்றும் இல்லை" என்றுதான் வரும். உண்மை தெரிய வேண்டுமானால் மறுபடி சில வாரம் கோதுமை தின்று காத்திருக்க வேண்டும். வியாதி உள்ளவருக்கு அது சித்திரவதை. ஆகவே முதலில் சோதனை, பிறகு பத்தியம்.

சோதனை சிக்கலானது அல்ல. டி.டி.ஜி. என்ற ரத்தச் சோதனை முதலில். அதோடு ரத்தத்தில் "ஐ.ஜி.ஏ." என்ற பொருளின் மொத்த அளவையும் பார்ப்பார்கள், அது பிறவியிலேயே குறைவாக இருந்தால் முதல் சோதனை ஏமாற்றிவிடும். சந்தேகம் உறுதியானால் வாய் வழியாகக் குழாய் செலுத்திச் சிறுகுடலின் தொடக்கத்திலிருந்து கடுகளவு சதை எடுத்துப் பூதக்கண்ணாடியில் பார்ப்பார்கள். நரம்புக்கு மின்சாரம் செலுத்தி வேகம் அளக்கும் சோதனையும், எம்.ஆர்.ஐ. படமும் நரம்பு டாக்டர் பொறுப்பு. சிறுமூளைத் தள்ளாட்டம் உள்ள சிலருக்கு டி.டி.ஜி. சரியாகவே இருந்துவிடும் என்பதால், முடிவு செய்யும் வேலையை அனுபவமுள்ள டாக்டரிடம் விட்டுவிடுவது நல்லது.

பெருங்காயத்திலுமா?

இதற்கு மாத்திரையும் இல்லை, ஊசியும் இல்லை. கோதுமை, பார்லி, ரை ஆகிய மூன்று தானியங்களையும் ஆயுள் முழுக்க விலக்குவதுதான் சிகிச்சை. குறைந்துபோன பி-12, "டி", இரும்பு, தாமிரம் இவற்றை டாக்டர் தனியாகக் கொடுப்பார்.

பஞ்சாபிக்கு இது இடி விழுந்தது போல. நமக்கு அவ்வளவு இல்லை. சோறு, இட்லி, தோசை, இடியாப்பம், புட்டு, பொங்கல் எல்லாம் தின்னலாம். ராகிக் களி, கம்பு, சோளம், தினை, கடலை மாவு, உளுந்து, பருப்பு எதற்கும் தடை இல்லை. கன்னடக்காரரின் அக்கி ரொட்டியும் ஜோள ரொட்டியும் சப்பாத்திக்கு மாற்றாகவே கிடைக்கின்றன. இந்தியாவில் ராகி மிகுதியாக விளையும் கர்நாடகத்தில் இருந்துகொண்டு, விலை கூடிய சீமைப் பொட்டலம் வாங்க வேண்டிய அவசியம் இல்லை.

ஆனால் கோதுமை ஒளிந்திருக்கும் இடங்கள் பல. ரவையும் சேமியாவும் கோதுமைதான் என்பது பலருக்கு நினைவில் இருப்பதில்லை. (அரிசி சேமியா வேறு.) ரவா தோசை, ரவா இட்லி, ஒப்பட்டு எல்லாம் கூடாது. ஹார்லிக்ஸ் போன்ற மால்ட் பானங்களில் கோதுமையும் பார்லியும் உண்டு. "உடம்பு தேறட்டும்" என்று நோயாளிக்கு அதைத்தான் முதலில் கொண்டு வருவார்கள்! கால் வீக்கத்துக்குக் கொடுக்கும் பார்லிக் கஞ்சியும் ஆகாது. சத்து மாவில் கோதுமை கலந்திருக்கும். கோபி மஞ்சூரியில் மைதாவும் உண்டு, கோதுமை சேர்த்துக் காய்ச்சிய சோயா சாஸும் உண்டு. பீர் பார்லியில் செய்வது. மற்றச் சரக்குகளுக்குக் குளூட்டன் குற்றம் இல்லையென்றாலும், அவை நரம்பைத் தாமே கெடுக்கும்.

யாரும் எதிர்பார்க்காத இடம் பெருங்காயம். கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் மைதா சேர்ந்திருக்கும். சாம்பார், ரசம், ஊறுகாய், மோர் எல்லாவற்றிலும் அது போகும். பத்தியம் சரியாக இருந்தும் தேறவில்லை என்று கலங்குகிறவர், முதலில் பெருங்காய டப்பாவின் பின்பக்கத்தைப் படிக்க வேண்டும். அரிசி மாவு சேர்த்ததும் கிடைக்கிறது.

இன்னொன்று மாவு மில். கோதுமை அரைத்த இயந்திரத்திலேயே ராகியைப் போட்டால் ராகியோடு கோதுமையும் வந்துவிடும். மில்காரரிடம் சொல்லி, காலையில் இயந்திரம் துடைத்தபின் முதல் ஆளாக அரைத்துக்கொள்ளலாம். ஆனால் இடுக்கில் முதல் நாள் மாவு நிற்கும். வீட்டிலேயே மிக்ஸியில் அரைப்பது நல்லது. சப்பாத்தி போட்ட கல்லில் தோசை வார்ப்பதும் அப்படித்தான். பொட்டல உணவுக்கு இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி இருக்கிறது: கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருந்தால் "குளூட்டன் இல்லாதது" என்று போடக் கூடாது. கத்தோலிக்க அன்பர்களுக்கு ஒரு சந்தேகம் வரும். நற்கருணை அப்பம் கோதுமையில்தான் செய்ய வேண்டும் என்பது திருச்சபையின் விதி. குளூட்டனை மிகவும் குறைத்த அப்பத்துக்கு அனுமதி இருப்பதால், பங்குத் தந்தையிடம் பேசிக்கொள்ளலாம்.

பத்தியத்தில் பலன் உண்டா? 2003-ல் ஷெஃபீல்ட் டாக்டர்கள், தள்ளாட்டம் உள்ள 43 பேரைப் பற்றி எழுதினார்கள். 26 பேர் பத்தியத்தைக் கடுமையாகக் காத்தார்கள். 14 பேர் "எங்களால் முடியாது" என்று மறுத்துவிட்டார்கள். ஒரு வருஷம் கழித்துப் பார்த்தபோது பத்தியம் இருந்தவர்களின் நடையும் கை நிதானமும் தேறியிருந்தன. மறுத்தவர்களுக்கு அப்படி இல்லை. தசைப் பலவீனம் பெரும்பாலும் இன்னும் சீக்கிரம் திரும்பும். "டி" வைட்டமினும் சுண்ணாம்பும் ஏறினால் சில மாதங்களில் படி ஏற முடிகிறது. மரத்துப்போன பாதத்துக்குப் பொறுமை வேண்டும். சிறுமூளையின் அணுக்கள் செத்துவிட்டால் மறுபடி முளைப்பதில்லை. அதனால்தான் டாக்டர்கள் சீக்கிரம் வரச் சொல்கிறார்கள்.

வீட்டில் ஒருவருக்கு சீலியாக் என்று உறுதியானால், பெற்றோர், உடன்பிறந்தவர், பிள்ளைகள் எல்லோரும் ஒரு முறை ரத்தச் சோதனை செய்துகொள்ள வேண்டும். மற்றவர்களைவிட அவர்களுக்கு வாய்ப்புப் பல மடங்கு அதிகம். அண்ணன் பெங்களூரிலும் தம்பி ஊரிலும் இருந்தால், அண்ணனின் ரிப்போர்ட் நகலைத் தம்பிக்கு அனுப்பி வைக்கலாம். அதைக் காட்டினால் அங்குள்ள டாக்டருக்கும் எந்தச் சோதனையில் தொடங்குவது என்று தெரியும். சோதனைக்கு ரத்தம் கொடுக்கிற நாள் வரைக்கும் தம்பி சப்பாத்தியை நிறுத்த வேண்டாம்.